கழித்துப் போட்ட பீடி

(தென்காசியில் நடந்த வணிகர் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தொழில் நிறுவனங்களும் பெண்கள் மேம்பாடும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அழைப்பிதழில் ஒரு பெண் மலையுச்சியில் ஏறிநின்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சூரியனைப் பார்க்கிறாள். குற்றாலத்து மலையில் வனத்துறை அவளை அவ்வளவு தூரம் எப்படி விட்டது என்று எனக்கு விளங்கவில்லை. மேடையில் ஏழு நாற்காலி, ஆறில் அண்ணாச்சிமார். குறை சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் இருந்ததால் எதைப் பார்த்தாலும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் சொந்த ஊர் கீழப்பாவூர்ப் பக்கம். அம்மா பீடி சுற்றினாள். இந்த மண்டபத்தில் பீடிச் சுளகைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், முக்கூடல் என்று எந்தத் தெருவுக்குள் போனாலும் திண்ணையில் நாலு பேர் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். பார்த்திருப்பீர்கள், கவனித்தவர்கள் குறைவு. முதல் நாள் ராத்திரியே இலையை நனைத்து ஈரச்சாக்கில் மூடி வைக்க வேண்டும். காலையில் தகட்டை வைத்து அளவாகக் கத்தரிக்க வேண்டும். தூளை வைத்துச் சுருட்டி, வாயை மடக்கி, நூல் சுற்றி, கட்டுக் கட்ட வேண்டும். ஆயிரம் பீடி சேர்ந்தால்தான் கூலி என்கிற பேச்சே வரும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கம்பெனி நிறுத்துக் கொடுக்கிற இலை பல நாள் காணாது. காணாத இலையை அம்மா கைக்காசு போட்டு வெளியில் வாங்குவாள். முதலாளி போட வேண்டிய முதலில் ஒரு துளியை அவளும் போட்டாள். அதற்கு எந்தக் கணக்கிலும் வரவு வைக்கவில்லை.

சாயங்காலம் பீடிக்கடைக்குப் போவோம். அங்கே செக்கர் கட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். ஒன்று தடிமன், ஒன்று வாய் சரியில்லை, ஒன்று நூல் தளர்ச்சி. கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்ப வராது. வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா, "ஏட்டி, இன்னைக்கும் ரெண்டு கட்டு கழிச்சுட்டானே" என்பாள். என் சிறுவயதில் நான் அதிகமாகக் கேட்ட வசனம் அதுதான். 'கழிவு' என்ற சொல்லையே நான் வெறுத்தேன்.

அந்தச் சொல்லின் மறுபக்கம் எனக்குத் தெரிய வந்தது வங்கியில் சேர்ந்து பல வருஷம் கழித்து. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளிகள்தான் என்றது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 'அவள் வீட்டில், அவள் திண்ணையில், அவள் இஷ்டப்பட்ட நேரத்தில் சுற்றுகிறாள். நாங்கள் யாரும் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பதில்லை. அவள் எப்படி எங்கள் ஊழியர் ஆவாள்?' என்பது அவர்கள் வாதம். 1974-இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பிறகு வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப். பிரச்சினை வந்தது. 1985-இல் பி.எம்.படேல் வழக்கு. வீட்டில் சுற்றுகிறவளுக்கும் பி.எஃப். உண்டு என்று தீர்ப்பானது. நீதிமன்றம் எதைச் சான்றாக எடுத்துக்கொண்டது தெரியுமா? கழிவை! சரியில்லாத பீடியைக் கழித்துப் போடும் உரிமை உன் கையில் இருக்கிறது. அந்த உரிமையே போதுமான மேற்பார்வைதான். ஆகவே நீ முதலாளி, அவள் தொழிலாளி.

அம்மாவை அழுதுகொண்டு வீட்டுக்கு வர வைத்த அந்த இரண்டு கட்டுப் பீடிதான் அவள் யார் என்பதை டெல்லியில் நிரூபித்துக் கொடுத்தது.

எனக்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. 'அதிகாரமளித்தல்' என்று ஒரு சொல் இப்போது எல்லாப் பேனரிலும் இருக்கிறது. கோயிலில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி, மேலே இருப்பவர் குனிந்து கொடுக்க, கீழே இருப்பவள் கையேந்தி வாங்குகிற பாவனை அதில் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் எதையும் அப்படி அளிக்கவில்லை. அவர்களுடைய உழைப்பின் மேல் ஒருவருக்கு ஏற்கெனவே அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்துக்குரிய பொறுப்பையும் நீயே ஏற்றுக்கொள் என்று சட்டம் சொன்னது. அதன் பிறகுதான் பீடிக் கம்பெனியின் பாஸ் புத்தகத்தில் அம்மாவின் பெயர் ஏறியது. 1976-இன் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தால் எனக்குப் படிப்புக்கு உதவித்தொகை வந்தது. நான் இன்று இந்த மைக்கின் முன்னால் நிற்பதில் அந்தத் தொகைக்கும் பங்கு இருக்கிறது.

பீடியை நான் புகழவில்லை. புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்கும். அம்மா கடைசிக் காலத்தில் இருமியே ஓய்ந்தாள். கூலியும் குறைவு. பாஸ் புத்தகத்திலும் ஒரு சூது உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு புத்தகம், சுற்றுவதோ மூன்று பேர். என் அக்கா பன்னிரண்டு வயதில் சுளகை எடுத்தாள். கல்யாணமாகிப் போகிறவரை அம்மாவின் புத்தகத்தில்தான் சுற்றினாள். பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு நாளைக்கு எத்தனை சுத்த வரும்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். எத்தனை சுற்றினாலும் அது அக்காவின் பெயரில் ஏறவில்லை. அக்காவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பீடிக்கடையை விட்டு உங்கள் கடைகளுக்கு வருகிறேன்.

ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடுகிற பிள்ளைகளைப் பாருங்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிற்கிறார்கள். நம் மாவட்டங்களிலிருந்து சென்னை ரங்கநாதன் தெருவுக்குப் போன பிள்ளைகளின் கதையை 2010-இல் வசந்தபாலன் 'அங்காடித் தெரு' என்று படமாகவே எடுத்தார். நாமெல்லாம் தியேட்டரில் அழுதோம். மறுநாள் கடை வழக்கம்போல நடந்தது. கடைசியில் உட்காருகிற உரிமை சட்டமாகி வந்தது நமக்கு மேற்கே இருந்துதான். கோழிக்கோட்டில் விஜி என்கிற தையல்காரப் பெண் கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, உட்கார்வதற்காகவே ஒரு போராட்டம் நடத்தினார். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் இருக்கை வேண்டும், ஆளில்லாத நேரத்தில் உட்கார விட வேண்டும். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக நமக்குத் தென்மேற்குக் காற்று மட்டும் வருவதில்லை, இப்படி சில நல்ல பழக்கங்களும் வருகின்றன.

சட்டம் வந்த பிறகு ஒரு பெரிய கடைக்குச் சேலை எடுக்கப் போனேன். பெயர் வேண்டாம். கவுன்டருக்குப் பின்னால் புத்தம் புதிய ஸ்டூல்கள் வரிசையாக இருந்தன. எனக்குச் சந்தோஷம். கிட்டப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு ஸ்டூலின் மேலும் சேலை அடுக்கி வைத்திருக்கிறது! "உக்காரலாமில்லம்மா?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "உக்காரலாம் ஆச்சி. உக்காந்தா மேனேஜர் மேல இருந்து பாப்பாரு" என்றாள். மேலே என்றால் கேமரா.

ஒரு ஸ்டூலின் விலை நீங்கள் விற்கிற ஒரு சாதாரணப் பட்டுச்சேலையின் விலையில் கால்வாசி கூட வராது. இங்கே தடை பணம் இல்லை. வேலைக்காரி உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதை குறையும் என்கிற நினைப்பு. அந்த வாடிக்கையாளர் நான்தான். என் மரியாதை குறையவில்லை என்று இந்த மேடையில் எழுதிக் கொடுக்கத் தயார்.

வங்கிக் கதை ஒன்று சொல்கிறேன். சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் 2015 ஏப்ரலில் வந்தது. நாடு முழுக்க அந்தக் கணக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் பெயரில் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் கிளைக்கு ஒருநாள் ஒரு தம்பதி வந்தார்கள். மனு மனைவி பெயரில்.

"என்ன கடைம்மா?" என்றேன். அந்தம்மா கணவரைப் பார்த்தார்.

"பழக்கடை மேடம். சீசனுக்கு ரம்புட்டான், மங்குஸ்தான் போடுவோம்" என்றார் கணவர்.

"கொள்முதல் யாரு?"

"நாந்தான்."

"கல்லால யாரு?"

"நாந்தான் மேடம்."

"அப்போ இவங்க?"

"இவ கையெழுத்துப் போடுவா."

ஒளிவுமறைவில்லாத மனிதர். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. இதற்கு நேர் எதிரான கதைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஒரு மெஸ். அதிகாலை நாலு மணிக்கு அந்தம்மா அடுப்பு மூட்டுவார். சாம்பார் அவர் கை, சட்னி அவர் கை, ஆள் வைத்து மேய்ப்பதும் அவர். லைசென்ஸ், ஜி.எஸ்.டி., வங்கி நடப்புக் கணக்கு மூன்றும் கணவர் பெயரில். அவர் திடீரென்று இறந்துபோனார். பதினாறாம் நாள் கழித்து அந்தம்மா கிளைக்கு வந்தபோது கணக்கை நாங்கள் நிறுத்தி வைத்திருந்தோம், விதி அப்படி. வாரிசுச் சான்றிதழ், மகன்களின் சம்மதம், எல்லாம் கேட்டோம். இருபது வருஷம் தன் கையால் நடத்திய மெஸ்ஸின் காகிதங்களில் அவர் எங்குமே இல்லை. நான்தான் அந்தப் படிவங்களை அவரிடம் நீட்டினேன்.

ஸ்டாண்ட் அப் இந்தியா என்று 2016-இல் இன்னொரு திட்டம் வந்தது. 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை கடன். ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பெண்ணுக்காவது, பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது கொடுக்க வேண்டும் என்றிருந்தது. கூட்டு நிறுவனமாக இருந்தால் அவர்களுக்குக் குறைந்தது 51 விழுக்காடு பங்கு இருக்க வேண்டும் என்றது. அந்த 51 என்ற எண்ணை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மெஸ், பேக்கரி, தையல், அரிசி மண்டி, எந்தத் தொழிலாக இருந்தாலும் உங்கள் வீட்டம்மா அதில் உழைக்கிறார் என்றால், பங்குதாரர் பத்திரத்தில் அவர் பெயரும் விழுக்காடும் இருக்கட்டும். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிற விஷயம் இது. ஆடிட்டர் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது.

குற்றாலத்துக்குப் போவோம். சாரல் விழுந்துவிட்டால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நமக்கு ஊர் என்று ஒன்று கிடையாது, கடை மட்டும்தான். மெயினருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்ப் பாட்டில், துண்டு, சிப்ஸ், பழம், வளையல் விற்கிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். சீசனில் அருவிக்கரையில் விற்கிற பெண் ஒண்ணுக்குப் போக எங்கே போகிறாள்? கட்டணக் கழிப்பறை வரிசையில் நின்றால் கடை போகும். கடையில் நின்றால் உடம்பு போகும். எனக்குத் தெரிந்த ஒரு பழக்கடை அக்கா காலை டீக்குப் பிறகு மத்தியானம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. ஐந்தருவிக்கும் மெயினருவிக்கும் நடுவே, தண்ணீர் கொட்டுகிற ஊரில், தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கழிப்பறை கட்டி, சாவியை அந்தப் பெண்களிடமே கொடுத்தால் போதும். சாவியை அவர்களிடம் கொடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களில் ஒருவரிடம் இருந்தால் சீசன் முடிவதற்குள் அது வெங்காய மூட்டை வைக்கிற அறையாகிவிடும்.

ராத்திரி விஷயம். கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அரசு அனுமதித்தபோதே, இரவு எட்டு மணிக்கு மேல் பெண் ஊழியரை இருக்கச் சொல்லக் கூடாது, அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் வைக்கலாம், பாதுகாப்புக்குப் பொறுப்பு முதலாளிதான் என்று நிபந்தனை போட்டது. சீசனில் எட்டு மணி என்பது நமக்கு மத்தியானம் மாதிரி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ் போன பிறகு அந்த இலவசத்தை வைத்து என்ன செய்வது? "எட்டு மணிக்கு மேல நிக்குற பொம்பளப் பிள்ளய வேன்ல வீட்டு வாசல்ல எறக்கி விடுவேன்" என்று சொல்ல முடிகிறவர் கடையைத் திறந்து வைக்கட்டும். முடியாதவர் அந்தப் பெண்ணை ஏழரைக்கு அனுப்பிவிட்டுத் தாமே கல்லாவில் நிற்கட்டும். அருவி எங்கேயும் ஓடிப்போகாது.

பேசச் சங்கடமான ஒன்றையும் பேசியாக வேண்டும். வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2013-இல் வந்தது. பத்து பேர், அதற்கு மேல் வேலை செய்கிற எந்த இடத்திலும் உள் குழு வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உடனே நம் அண்ணாச்சிமார் மனசுக்குள் கூட்டிக் கழிக்கிறார்கள்: 'என் கடையில ஒம்பது பேர்தான்.' ஒன்பது பேர் கடையில் இருக்கிற பெண்ணுக்கும், யார் வீட்டிலோ வேலை செய்கிற பெண்ணுக்கும் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அந்தக் குழுவின் முகவரியைக் கல்லாவுக்குப் பின்னால், லட்சுமி படத்துக்குக் கீழே ஒட்டி வையுங்கள். லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். அங்கிருந்த பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆலை நிர்வாகம் மட்டுமில்லை, அந்தத் துணியை வாங்குகிற எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டன. தொழிலாளிப் பெண்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாக நின்றார்கள். திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். மறுபடியும் அதே கழிவு விஷயம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. சரக்கு சரியில்லை என்று திருப்பி அனுப்ப உனக்கு அதிகாரம் இருந்தால், அதைத் தைத்தவளுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் பதில் சொல்.

மத்தளம்பாறையைச் சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவீர்கள். 2011-இல் சோஹோ என்கிற சாஃப்ட்வேர் நிறுவனம் அங்கே சிறிய அலுவலகம் தொடங்கியபோது, வயலுக்கு நடுவே சாஃப்ட்வேரா என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அவர்களுக்குக் கடன் தேவைப்படவில்லை, நல்லவேளை! கல்லூரி முடித்த பெண்பிள்ளையைச் சென்னை விடுதிக்கு அனுப்பப் பல வீடுகளில் தயங்குகிறார்கள். அப்படியிருக்க வேலையே இங்கே வந்தால், அந்தத் தயக்கத்தில் பாதி தானாகக் கரைந்துபோகிறது. அதே நிறுவனம் குழந்தை, குடும்பம் என்று வேலையை விட்ட பெண்களுக்காக 'மறுபடி' என்றொரு பயிற்சி நடத்துகிறது. பெயரே எனக்குப் பிடித்திருக்கிறது. 2023-இல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் என்கிற அம்மையார், ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள சம்பள இடைவெளி முதல் குழந்தை பிறக்கும்போதுதான் பெரிதாகிறது என்று நூற்றாண்டுக் கணக்குகளைத் தோண்டிக் காட்டியவர். நம் ஆச்சிமார் இதை நோபல் இல்லாமலே சொல்லியிருப்பார்கள். மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்று 2017-இல் சட்டம் நீட்டியது. 50 பேர் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. விடுப்பு கொடுக்கிறோமே என்பார்கள். சரி, திரும்பி வந்தவளுக்கு அவள் விட்டுப்போன நாற்காலி இருக்கிறதா, அதன்மேலும் சேலை அடுக்கிவிட்டீர்களா?

ஒரு கடைசி எண். ஐஸ்லாந்து நாட்டில், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி கொடுக்கிறோம் என்று தாங்களே நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிற சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. கூலி குறைந்தவள் ஓடி ஓடி நிரூபிக்க வேண்டியதில்லை. நம்மிடமும் 1976-இலேயே சமக்கூலிச் சட்டம் வந்தது. ஆனாலும் நடவுக்கு வருகிற பெண்ணின் கூலிக்கும், வரப்பு வெட்டுகிற ஆணின் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இந்தக் கூட்டத்தில் சொல்லத் தேவையில்லை. கொடுக்கிறவர்களே இங்கே இருக்கிறீர்கள். உங்கள் சங்கம் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கணக்குப் புத்தகம் வைத்துக் கும்பிடுகிறதே, இந்த வருஷம் சம்பளப் பதிவேட்டையும் சேர்த்து வையுங்கள். பூஜைக்கு முன்னால் ஒருமுறை திறந்து, ஆண் பெயர்களுக்கு எதிரே என்ன இருக்கிறது, பெண் பெயர்களுக்கு எதிரே என்ன இருக்கிறது, யார் பெயர் ஏறவே இல்லை என்று நீங்களே பாருங்கள்.

அம்மாவுக்குப் பி.எஃப். ஓய்வூதியம் மாதம் ஆயிரத்துச் சொச்சம் வந்தது. அந்தப் பணத்தை அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை. வெற்றிலைக்கும் பேத்திகளுக்கும் அவளே செலவழித்தாள். அக்காவுக்கு எதுவும் வருவதில்லை. பதினொரு வருஷம் அவள் சுற்றிய பீடி முழுவதும் அம்மாவின் கணக்கில் இருக்கிறது. ஒருதரம் அம்மாவிடம் விளையாட்டாக, "என் பங்கு எங்கம்மா?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லாமல் அன்றைக்கு வந்த நோட்டுகளில் இரண்டை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

மூன்றாவது வரிசையில் நீலப் புடவையில் உட்கார்ந்திருப்பது அக்காதான். கீழப்பாவூருக்குக் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. அவளை ஏற்றிவிட வேண்டும். வரட்டுமா?